சாக்கடைக் குட்டை சரணாலயமான கதை

கழிவுநீர்க் குட்டை என்றாலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடத் தோன்றும். ஆனால் ஓர் ஊரில் அதன் பக்கத்திலேயே மக்கள் நடைப்பயிற்சி போகிறார்கள், பறவை பார்க்கிறார்கள்! வடக்குக் கலிபோர்னியாவில் ஹம்போல்ட் விரிகுடாவை ஒட்டிய ஆர்கேட்டா தான் அந்த ஊர். மக்கள்தொகை சுமார் 18 ஆயிரம்.

1949-ல் இங்கே முதல் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. 1957-ல் பெரிய ஆக்சிஜனேற்றக் குட்டைகள் வெட்டப்பட்டன. இதில் பெரிய இயந்திர வித்தை எதுவும் இல்லை. வெயிலில் பாசி வளர்ந்து ஆக்சிஜன் தரும். அதை வைத்துப் பாக்டீரியா கழிவைச் சிதைக்கும். கசடு அடியில் தங்கிவிடும். ஆனால் தண்ணீரோடு பாசியும் வெளியே போவதுதான் சிக்கல்.

1974-ல் மாநில அரசு ஒரு விதி கொண்டுவந்தது. விரிகுடாவுக்குள் கழிவுநீரை விடக்கூடாது. விட்டே ஆகவேண்டும் என்றால், அதனால் விரிகுடாவுக்கு நன்மை உண்டு என்று நிரூபிக்க வேண்டும். சுற்றுவட்டார ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய நிலையம் கட்டி, விரிகுடாவின் அடியில் குழாய் போட்டு, கழிவைக் கடலில் கொட்டலாம் என்று திட்டம் தயாரானது. மதிப்பீடு ஏறிக்கொண்டே போய் 5 கோடி டாலரைத் தாண்டியது. கட்டும் செலவு ஒரு தடவை; பம்ப் ஓட்டும் செலவோ வருடா வருடம். சின்ன ஊர் தாங்குமா?

ஆர்கேட்டா மக்கள் மறுத்தார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் ஆலன், கழிவுநீரைக் கடல்நீரோடு கலந்து அதில் சால்மன் குஞ்சுகளை ஏற்கெனவே வளர்த்துக்கொண்டிருந்தார். கழிவு என்பது வீண் அல்ல, அதுவும் ஒரு வளம் என்பதற்கு அதுவே சாட்சி. இன்னொரு பேராசிரியர் ராபர்ட் கியர்ஹார்ட், குட்டைநீரைச் சதுப்பு நிலத்தில் விட்டுப் பார்க்கலாம் என்றார். அடர்ந்த கோரைகள் வெயிலை மறைத்தால் பாசி மடிந்து படியும். தண்டிலும் வேரிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா மிச்சத்தைக் கவனித்துக்கொள்ளும்.

1979-ல் தொடங்கிய சோதனை வெற்றி பெற்றது. மூடிக்கிடந்த குப்பைமேட்டை ஒட்டிய பாழ்நிலத்தில் 1981-ல் சதுப்புநிலச் சரணாலயம் உருவானது. 1986-ல் முழு அமைப்பும் இயங்கத் தொடங்கியது. 300-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன. விரிகுடாவுக்கு நன்மை உண்டா என்ற கேள்விக்குப் பறவைகளே பதில் சொல்லிவிட்டன!

இப்போது வேறொரு சோதனை. அங்கே நிலம் தாழ்ந்துகொண்டே போக, கடல்மட்டம் உயர்ந்துகொண்டே வருகிறது. குட்டைகளைக் காப்பது மண்கரைகள் மட்டுமே. அன்று குறைந்த செலவில் கைகொடுத்த அதே கடலோர இடம், இனி காப்பாற்றுவதற்கே செலவு வைக்கும். அந்தக் கணக்கையும் ஊர்தான் போட்டாக வேண்டும்.