பொட்டலம் தொலைந்தால் யார் பொறுப்பு? - இணையத்தின் ஒரு பழைய கணக்கு



போன மாதம் அப்பாவுடன் ஒரு பார்சல் ஆபீஸுக்குப் போயிருந்தேன். ஈரோட்டிலிருந்து கடைக்கு வர வேண்டிய துண்டு பேல் ஒன்று வந்து சேரவில்லை. கவுன்டரில் இருந்தவர் கொஞ்சமும் பதறாமல் எங்கள் ரசீதை வாங்கி, அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். 'அட் ஓனர்ஸ் ரிஸ்க்'. அதாவது வழியில் சரக்குக்கு என்ன ஆனாலும் அது உரிமையாளர் பாடு. வணிகச் சட்டத்தில் இதைப் படித்து, பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அவர் விரல் வைத்துக் காட்டியபோதுதான் உறைத்தது.

வெளியே வந்ததும் அப்பா ரசீதைப் படம் எடுத்து சப்ளையருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டு டிக் விழுந்தது. "ம், போயிடுச்சு" என்றார். எனக்கு அப்போது ஒரு கேள்வி வந்தது. இந்தப் படம் வழியில் தொலைந்திருந்தால் யார் பொறுப்பு?

இதைத் தேடப் போய் ஒரு வாரம் பழைய கட்டுரைகளாகப் படித்துத் தள்ளினேன் (காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் அப்படியே கிடக்கிறது). கிடைத்த பதில் இதுதான்: இணையமும் ஒரு 'ஓனர்ஸ் ரிஸ்க்' பார்சல் சர்வீஸ். எதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக அது யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. தற்செயலாக அப்படி ஆகவும் இல்லை. தெரிந்தே, சண்டை போட்டு அப்படி அமைத்தார்கள்.

முதலில் டெலிபோனிலிருந்து ஆரம்பிப்போம். அந்தக் கால டெலிபோனில் நீங்கள் ஒருவரை அழைத்தால், வழியில் இருக்கிற எக்ஸ்சேஞ்சுகள் எல்லாம் சேர்ந்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு பாதையை உங்களுக்கென்றே ஒதுக்கிவிடும். பேசினாலும் பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் அது உங்களுடையது. மீட்டர் ஓடும். மனிதர்கள் ஓயாமல் பேசுவதால் இது சரிப்பட்டது. கணினிகள் அப்படிப் பேசுவதில்லை. ஒரு நொடி கொட்டும், பிறகு ரொம்ப நேரம் சும்மா இருக்கும். அதற்காக ஒரு முழு லைனைப் பிடித்து வைப்பது, ஒரே ஒரு துண்டு பேலுக்கு முழு லாரியை வாடகைக்கு எடுப்பது மாதிரி.

இதற்கு மாற்றாக 1960களில் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே யோசனைக்கு வந்தார்கள். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தில் இருந்த பால் பேரன் ஒருவர். குண்டு விழுந்து பெரிய எக்ஸ்சேஞ்சுகள் அழிந்தாலும் செய்தி எப்படிப் போய்ச் சேரும் என்பது அவருடைய கவலை. 1964இல் விரிவான அறிக்கையே வெளியிட்டார். டெலிபோன் சாம்ராஜ்யமான ஏடி அண்ட் டி அதை ஏற்கவில்லை. இன்னொருவர் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த டொனால்ட் டேவிஸ், 1965இல். இவருக்குக் குண்டுக் கவலை கிடையாது. விலை உயர்ந்த கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். செய்தியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டு, ஒவ்வொன்றிலும் விலாசம் ஒட்டு, எல்லார் துண்டுகளையும் ஒரே லைனில் கலந்து அனுப்பு. அந்தத் துண்டுக்கு 'பாக்கெட்' என்று பெயர் வைத்தவர் டேவிஸ்தான். மற்ற மொழிகளுக்கும் ஒத்துவருமா என்று மொழி அறிஞரிடம் கேட்டுவிட்டு வைத்தாராம். நான் இதில் 'பொட்டலம்' என்றே எழுதப் போகிறேன். மளிகைக் கடை வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அடுத்து ஆர்பாநெட். இது எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்த கதை, அதனால் வேகமாகச் சொல்கிறேன். 1966இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்பா அமைப்பில் கணினி ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர் பாப் டெய்லர். மூன்று ஊர்களில் இருந்த மூன்று கணினிகளோடு பேச அவருக்கு மூன்று தனித்தனி டெர்மினல் தேவைப்பட்டது. எரிச்சலாகி மேலதிகாரியிடம் போனார், பத்து லட்சம் டாலரோடு திரும்பினார். (அணு யுத்தத்துக்காகவே இணையம் பிறந்தது என்று நம் லெக்சரர்கள்கூடச் சொல்வார்கள். அது பேரனின் கவலை. ஆர்பாநெட் கட்டியது கணினிகளைப் பகிர்ந்துகொள்ள.) 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சார்லி கிளைன் என்ற மாணவர் 'லாகின்' என்று அடிக்க ஆரம்பித்தார். 'எல்' போனது, 'ஓ' போனது, அத்தோடு அந்தப் பக்கத்துக் கணினி படுத்துவிட்டது. வரலாற்றின் முதல் செய்தி இரண்டே எழுத்து. ஒரு மணி நேரம் கழித்து முழுதாகப் போனதாம்.

இங்கே நம் கேள்விக்கு வேண்டியது ஒன்று உண்டு. ஆர்பாநெட் 'ஓனர்ஸ் ரிஸ்க்' கிடையாது. ஒவ்வொரு இடத்திலும் 'இம்ப்' என்று ஒரு சின்னக் கணினி (சின்னது என்றால் ஃபிரிட்ஜ் அளவு) பொட்டலங்களை வாங்கி அடுத்த இம்ப்புக்குத் தள்ளும். அடுத்தது "வந்துவிட்டது" என்று சொல்லும்வரை தன்னிடம் ஒரு பிரதி வைத்திருக்கும். ஆகவே சேர்ப்பிக்கும் பொறுப்பு நெட்வொர்க்குக்கு. முனையில் இருந்த கணினிகள் அதை நம்பி நிம்மதியாக இருந்தன.

இதைத் தலைகீழாகப் போட்டவர் லூயி பூசான் என்கிற பிரெஞ்சுக்காரர். 1970களின் ஆரம்பத்தில் அவர் கட்டிய 'சிக்லாட்' நெட்வொர்க்கில் நடுவில் இருக்கும் கருவிகளுக்குப் பொறுப்பே கிடையாது. பொட்டலம் வந்தால் தள்ளிவிடும். தொலையலாம், முன்பின்னாக வரலாம். எண்ணிப் பார்த்து அடுக்குவதும், குறைந்ததைத் திரும்பக் கேட்பதும் முனையில் இருக்கிற கணினியின் வேலை.

கேட்டால் சோம்பேறித்தனம் மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால் ஆர்பாவின் பாப் கானும் ஸ்டான்ஃபோர்டின் வின்ட் செர்ஃபும் 1973இல் உட்கார்ந்து யோசித்தபோது, அவர்களுக்குத் தேவைப்பட்டது இதுதான். அவர்கள் கையில் ஆர்பாநெட், ரேடியோ நெட்வொர்க், சாட்டிலைட் நெட்வொர்க் என மூன்று வகை இருந்தன. வண்டி சுரங்கப் பாதைக்குள் போனால் ரேடியோவில் பொட்டலம் தொலையத்தான் செய்யும். "நீங்கள் எல்லோரும் உத்தரவாதம் கொடுத்தால்தான் இணைப்போம்" என்றால் ஒன்றுமே இணையாது. "முடிந்தவரை தள்ளுங்கள், மீதியை முனைகள் பார்த்துக்கொள்ளும்" என்றால் எதையும் எதோடும் இணைக்கலாம். மே 1974இல் அவர்கள் கட்டுரை வெளிவந்தது. 1977 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஓடிய ஒரு வேனிலிருந்து ரேடியோவில் கிளம்பிய பொட்டலங்கள், ஆர்பாநெட் வழியாக அமெரிக்காவைத் தாண்டி, சாட்டிலைட்டில் ஐரோப்பா போய், திரும்பி லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்தன.

1978இல் இதை இரண்டாகப் பிரித்தார்கள். ஐ.பி. என்பது சாதாரணத் தபால் கார்டு மாதிரி. விலாசம் உண்டு, உத்தரவாதம் இல்லை. டி.சி.பி. என்பது பதிவுத் தபாலோடு சேர்த்துத் தைத்து அனுப்பிய ஒப்புகை அட்டை மாதிரி. ஆனால் அந்த அட்டையைத் தபால்காரர் தருவதில்லை, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தங்களுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். டி.சி.பி. அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. ஒப்புகை வராவிட்டால் மறுபடி அனுப்பும். ஒரே எண் இரண்டு முறை வந்தால் ஒன்றைத் தூக்கிப் போடும். ஏன் பிரித்தார்கள்? நெட்வொர்க்கில் குரலை அனுப்பப் பார்த்த டேனி கோஹன் போன்றவர்களுக்கு இந்த ஒப்புகை வேண்டாம். பேச்சின் நடுவில் தொலைந்த ஒரு துளி அரை நொடி கழித்து வந்து என்ன பயன்? வீடியோ காலில் குரல் கரகரத்து, விட்டுப்போன சொல் திரும்பி வராமலே பேச்சு ஓடுவது பெரும்பாலும் இதனால்தான்.

டெலிபோன் நிர்வாகங்கள் சும்மா இருக்கவில்லை. 1976இல் எக்ஸ்.25 என்று தங்கள் தரத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் நெட்வொர்க்கே பாதை போட்டு, வரிசை மாறாமல் கொடுக்கும். பொறுப்பை ஏற்கிறவனுக்குக் கட்டணம் நிர்ணயிக்கும் உரிமையும் வந்துவிடும், காமர்ஸ் மாணவனாக எனக்கு இது நன்றாகவே புரிகிறது. பிரான்சில் டெலிபோன் துறையின் டிரான்ஸ்பேக் 1978இல் திறந்தது. பூசானின் சிக்லாட்டுக்குப் பணம் நின்று, 1981இல் மூடினார்கள். மனுஷன் பாவம். அவர் யோசனை மட்டும் அமெரிக்காவில் பிழைத்தது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுவதும் டி.சி.பி./ஐ.பி.க்கு மாறியது. அந்த அவஸ்தையில் பிழைத்ததாகச் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டவர்கள் உண்டு.

"நடுவில் இருப்பவன் நல்ல உத்தரவாதம் கொடுத்தால் அதுவே போதாதா?" என்று என் நண்பன் கேட்டான். இதற்கு எம்.ஐ.டி.யில் நடந்த ஒன்று பதில். சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் தங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். அங்கே பல நெட்வொர்க்குகளை இணைத்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்ப்பு உண்டு. எனவே எல்லோரும் நம்பினார்கள். ஆனால் நடுவில் ஒரு கேட்வே கணினி, உள்ளே வந்ததை வெளியே அனுப்பப் பிரதி எடுக்கும்போது, சுமார் பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு முறை இரண்டு பைட்டை இடம் மாற்றி வைத்தது. லைனில் தப்பே இல்லை, குடோனுக்குள் நடந்த தப்பு. ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மூலக் கோப்புகள் அந்த வழியாகப் பலமுறை போய்வந்து கெட்டன. கடைசியில் பழைய பிரின்ட்அவுட்டை எடுத்து வைத்துக்கொண்டு கையால் ஒப்பிட்டுத் திருத்தினார்களாம். லாரிக்காரர் எத்தனை சீல் வைத்தாலும் பேலைப் பிரித்து எண்ணாமல் அப்பா ஸ்டாக் புத்தகத்தில் ஏற்ற மாட்டார். அதே விஷயம்.

ஆனால் 'ஓனர்ஸ் ரிஸ்க்' முறைக்கும் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது. ஒவ்வொருவரும் தன் பொட்டலத்துக்குத் தானே பொறுப்பு என்றால், ரோட்டுக்கு யார் பொறுப்பு?

ஃபோர்ட் ஏரோஸ்பேஸில் இருந்த ஜான் நேகிள் 1984 ஜனவரியிலேயே எச்சரித்திருந்தார். 1986 அக்டோபரில் அது நடந்தே விட்டது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே 400 கெஜம்தான் தூரம். நடந்தே போய்விடலாம். அந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. 40 பிட் என்றால் நொடிக்கு ஐந்து எழுத்து. கையால் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.

லைன் ஒன்றும் அறுந்துவிடவில்லை. நெரிசலில் ஒப்புகை வரத் தாமதமாகும். அனுப்பிய கணினி, பொட்டலம் தொலைந்தது என்று நினைத்து இன்னொன்று அனுப்பும். அதனால் நெரிசல் கூடும், ஒப்புகை இன்னும் தாமதமாகும், எல்லோரும் மறுபடி அனுப்புவார்கள். கடைசியில் ரோடு முழுக்க ஒரே சரக்கின் நகல்களாக நிற்கும். தன் அளவில் எல்லோரும் நியாயமாகவே நடந்தார்கள். மொத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. (எகனாமிக்ஸ் பேப்பரில் பொது மேய்ச்சல் நிலம் உதாரணம் வருமே, அதேதான்.)

டெலிபோன் கம்பெனியாக இருந்தால் நடுவில் காவல் போட்டு, கட்டணத்தை ஏற்றிச் சமாளித்திருக்கும். இங்கே நடுவில் முதலாளியே இல்லை. அந்த ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன், பெர்க்லியின் மைக் கேரல்ஸோடு சேர்ந்து வேறு வழி கண்டுபிடித்தார். முனையில் இருக்கும் டி.சி.பி. மென்பொருளை மட்டும் மாற்றினார்கள். முதலில் கொஞ்சமாக அனுப்பிப் பார், ஒப்புகை வர வரக் கூட்டு. ஓரளவுக்கு மேல் நிதானமாக ஒவ்வொன்றாகக் கூட்டு. பொட்டலம் தொலைந்தால் ரோட்டில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு, சட்டென்று குறைத்துக்கொள். 1988இல் பெர்க்லி யூனிக்ஸில் இதைச் சேர்த்து வெளியிட்டார்கள், கட்டுரையும் அதே வருடம் வந்தது. வழியில் இருந்த கருவிகளை யாரும் தொடவில்லை.

யோசித்துப் பாருங்கள். குறைத்துக்கொள்ளாமல் அடித்துத் தள்ளுகிற கணினிக்குத்தான் அதிகம் கிடைக்கும். தண்டனையும் இல்லை. ஆனாலும் கோடிக்கணக்கான கணினிகள் தாமாகவே ஒதுங்கி வழிவிட்டன. காரணம் தர்ம சிந்தனை என்று சொல்ல மாட்டேன், பெரும்பாலானவர்கள் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடு வந்ததை அப்படியே பயன்படுத்தினார்கள். 2021இல் தரமாக வந்த குயிக் நெறிமுறையில் இந்தப் பொறுப்பு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைவிட்டு பிரௌசர் போன்ற செயலிகளின் கைக்கே வந்துவிட்டது. எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை இப்போது சில பெரிய கம்பெனிகள் எழுதும் மென்பொருள்தான் பெருமளவு முடிவு செய்கிறது. இது நல்லதா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

துண்டு பேல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பன்னிரண்டு நாள் கழித்து வந்தது, வேறு ஊர் குடோனில் கிடந்ததாம். அதற்குள் சப்ளையர் இன்னொரு பேல் அனுப்பி, அதுவும் வந்துவிட்டது. டி.சி.பி.யாக இருந்தால் இரண்டாவதைத் தூக்கிப் போட்டிருக்கும். அப்பா அதைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

திருத்தம், சந்தேகம், திட்டு எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். இன்டர்னல் முடிந்ததும் வருகிறேன்.