கார்தானும் ழான் வாக்கும்

மெனோபாஸ் என்பது ஆங்கிலச் சொல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிரெஞ்சில் படித்த எனக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வரும். மாதம், நிற்றல் என்ற பொருளுள்ள இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர் செய்த சொல் அது. 1816-இல் அதை 'மெனெஸ்பொஸி' என்று எழுதினார். நல்லவேளை, 1821-இல் சுருக்கிவிட்டார். அதுவரை 'நெருக்கடி வயது' என்றே சொல்லிவந்தார்கள்.

அந்த நெருக்கடி எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு தடயம் தந்தவர் மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக். உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே சேர்கிறது என்று பாருங்கள் என்றார். இது 1947-இல். தொடையிலும் பிட்டத்திலும் சேர்வது பெண் வாகு, வயிற்றிலும் மேலுடம்பிலும் சேர்வது ஆண் வாகு. சர்க்கரை நோய் இரண்டாவதோடுதான் அதிகம் வருகிறது. எளிய விஷயந்தான், ஆனாலும் 1980-களில் ஸ்வீடன்காரர்கள் இடுப்பை அளந்து எழுதிய பிறகே உலகம் கவனித்தது.

தீட்டு நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பெண்ணின் கொழுப்பும் வயிற்றுக்கு இடம் மாறுகிறது. எடைக்கருவியில் இது தெரியாமலே போகலாம். மாரடைப்பு பெண்களுக்குத் தாமதமாக வரும் என்பார்கள். சர்க்கரை உள்ள பெண்ணுக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் முன்பே போய்விடுகிறது. ஆகவே நம் வீட்டு அம்மாக்கள் தையல் டேப்பை எடுக்கட்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு வைத்திருக்கும் எல்லை 80 செ.மீ. அளக்கும்போது வயிற்றை எக்கக்கூடாது.