சாண்டா அனிட்டாவும் சர்ச்சில் டவுன்ஸும்

ஓட்டத்தின் நடுவே கால் முறிந்து ஒரு குதிரை விழுந்தால், எல்லார் பார்வையும் முதலில் மண்ணின் மேல்தான் போகிறது. 2019-ல் கலிபோர்னியாவின் சாண்டா அனிட்டா பந்தயத் திடலில் அப்படித்தான் நடந்தது. 2023-ல் கென்டக்கியின் சர்ச்சில் டவுன்ஸ் திடலிலும் அதுவேதான். முன்னதில் 2018 டிசம்பர் இறுதியில் தொடங்கி அடுத்த ஜூன் வரை நீண்ட பருவத்தில் 30 குதிரைகள் மடிந்தன. பின்னதில் ஒரே வசந்தத்தில் 12. அவற்றில் ஏழு, மே 6 அன்று கென்டக்கி டெர்பி பந்தய நாள் முடிவதற்குள். ஈராயிரம் மைல் இடைவெளி, நான்கு ஆண்டு இடைவெளி. ஆனாலும் இரண்டு விசாரணை அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு ஒரே வீட்டின் இரண்டு அறைகளுக்குள் போய்வந்த உணர்வு எழும்.

மண்ணிலிருந்தே தொடங்குவோம். தெற்குக் கலிபோர்னியாவில் அந்தக் குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாக மழை கொட்டியது. மழை வருமுன் ஓடுதளத்தின் மேற்பரப்பைக் கனத்த உருளையால் அழுத்தி இறுக்கிவிடுவார்கள். தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும். வெயில் வந்ததும் மீண்டும் பரம்படித்துத் தளர்த்துவார்கள். வறண்ட நிலத்துக்கென அமைத்த தளத்தை இப்படித் திரும்பத் திரும்ப இறுக்கியும் தளர்த்தியும் வந்தால், அதன் தன்மை நாளுக்கு நாள் மாறும். இறப்புகளில் 39 விழுக்காடு மழையால் பாதிக்கப்பட்ட தளத்தில் நேர்ந்தவை என்று மாநிலப் பந்தய வாரியம் 2020 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. கென்டக்கிக்கோ மழை புதிதல்ல. சர்ச்சில் டவுன்ஸின் மண்ணை அளந்து பார்த்தவர்கள் அதற்கும் இறப்புகளுக்கும் தொடர்பு காணவில்லை.

ஆக, மண் ஓரிடத்தில் பாதிக் குற்றவாளி, மற்றோரிடத்தில் நிரபராதி. இதில் சுவையான செய்தி, இரண்டு இடத்திலும் அளந்தவர்களில் ஒரே மனிதர் இருந்தார் என்பது. சாண்டா அனிட்டாவின் தளப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்றிருந்த டென்னிஸ் மூரை 2019 மார்ச்சில், இறப்புகளால் தளம் மூடப்பட்டபோது, திரும்ப அழைத்தார்கள். 2023 மே மாத இறுதியில் சர்ச்சில் டவுன்ஸ் மண்ணைப் பற்றிச் சுதந்திரமான இரண்டாவது கருத்து தேவைப்பட்டபோதும் அவரைத்தான் அனுப்பினார்கள். அனுப்பிய அமைப்பின் பிறப்பிலும் முந்தைய சோகத்துக்குப் பங்குண்டு. சாண்டா அனிட்டா தந்த அதிர்ச்சியும், அடுத்த ஆண்டு வெளிப்பட்ட ஊக்கமருந்து வழக்குகளும் சேர்ந்து தள்ளியதில்தான் குதிரைப் பந்தயப் பாதுகாப்புக்கான கூட்டாட்சிச் சட்டம் 2020 டிசம்பரில் நிறைவேறியது. அந்தச் சட்டம் உருவாக்கிய ஆணையமே சர்ச்சில் டவுன்ஸை விசாரித்தது. அதன் ஊக்கமருந்துத் தடுப்பு விதிகள் நடைமுறைக்கு வந்த நாள் 2023 மே 22; இறப்புகள் இன்னும் நின்றிருக்கவில்லை.

மண்ணை விட்டு உடலுக்கு வருவோம். கலிபோர்னியாவில் ஓடுதளத்தில் இறக்கும் ஒவ்வொரு குதிரைக்கும் 1990-லிருந்தே பிரேதப் பரிசோதனை உண்டு. அதனால் சாண்டா அனிட்டா அறிக்கைக்கு நல்ல அடித்தளம் கிடைத்தது. மார்ச் இறுதி வரை இறந்த 23 குதிரைகளை அது ஆராய்ந்தது. அவற்றில் 21-க்கு, எலும்பு உடைந்ததாகக் கருதப்பட்ட இடத்திலேயே முன்பிருந்த சேதம் தெரிந்தது. சட்டவிரோத மருந்துக்கான தடயம் கிடைக்கவில்லை.

முன்பிருந்த சேதம் எப்படி இருக்கும்? குளம்புக்குச் சற்று மேலே, முன்னங்காலின் கணுமூட்டைப் பிளந்து பார்த்தால் மூட்டின் பின்புறத்தில் இரண்டு சிறு எலும்புகள் தெரியும். குதிரை நான்குகால் பாய்ச்சலில் போகையில், ஒரு கணம் முழு உடலின் எடையைவிடக் கூடுதலான சுமை ஒற்றைக் காலில் இறங்கும். அந்தச் சுமையை ஏந்தும் தசைநார்க் கட்டு இந்தச் சிறு எலும்புகள் வழியாகத்தான் போகிறது. குருத்தெலும்பின் வழவழப்பான பரப்புக்கு அடியில் நிறம் மாறிய ஒரு சிறு புள்ளி இருக்கும். அதைச் சுற்றி எலும்பு அளவுக்கு மீறி இறுகியோ, உள்ளே துளைபட்டோ கிடக்கும். பிறகு உடையாத மறு காலின் அதே மூட்டைப் பிளக்கிறார்கள். பல நேரங்களில் அங்கும், அதே இடத்தில், அதே புள்ளி. எது முதலில் உடையும் என்பது ஓடும் திசையும் அன்றைய அடியும் தீர்மானிப்பது. குதிரை நொண்டியிருக்க வேண்டுமே என்று கேட்கத் தோன்றும். இரண்டு காலும் ஒரே அளவில் நோகும்போது நடையில் ஏற்றத்தாழ்வு தெரியாமல் போவதும் உண்டு. காலை நேரத்தில் நடக்கவிட்டுப் பார்க்கும் மருத்துவரை ஏமாற்றுவது இந்தச் சமச்சீர்தான்.

சர்ச்சில் டவுன்ஸின் பட்டியல் இவ்வளவு ஒருமுகமானதல்ல. எலும்பு முறிவுகள் அங்கும் இருந்தன. ஆனால் ஒரு குதிரை பந்தயத்துக்கு முன் சேணம் பூட்டும் இடத்தில் மிரண்டு மல்லாந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்து செத்தது. இரண்டு குதிரைகள் உடம்பில் எந்தக் காயமுமின்றி, ஓட்டத்தைத் தொடர்ந்து சுருண்டு விழுந்தன. பிரேதப் பரிசோதனையும் அவற்றுக்குக் காரணம் சொல்லவில்லை. சாண்டா அனிட்டாவில் ஒரே கதை பல முறை நடந்தது. இங்கே பல கதைகள் ஒரே மாதத்துக்குள் வந்து நெருங்கின. இவை எல்லாவற்றையும் விளக்கும் ஒற்றைக் காரணம் இல்லை என்று ஆணையம் 2023 செப்டம்பரில் அறிவித்தது. நேர்மையான முடிவுதான், தலைப்புச் செய்திக்கு உதவாத முடிவும்கூட.

ஆனால் அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு: இறந்த குதிரைகளின் ஓட்ட வரலாறு. பந்தயங்கள் எவ்வளவு நெருக்கமாக வந்தன, வாழ்வின் தொடக்கக் கட்டத்தில் பயிற்சி எந்த ஒழுங்கில் அமைந்தது என்பவை ஆபத்தைக் கூட்டியிருக்கலாம் என்று அது சுட்டுகிறது. கலிபோர்னிய அறிக்கையும் பழைய சேதத்தைக் கடும் ஓட்டப் பயிற்சியோடுதான் பொருத்தியது. இரண்டும் சந்திக்கும் இடம் இது.

இங்கே எலும்பின் குணம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குதிரை ஓடும்போது எலும்பு நுண்ணிய விரிசல் பெறுகிறது, ஓய்வில் ஆறுகிறது. ஆனால் ஆறும் வழி விசித்திரமானது. முதலில் பழுதான பகுதி அரித்து அகற்றப்படும், பிறகுதான் புதிய எலும்பு நிரம்பும். அரிப்பு வாரக்கணக்கில் முடிந்துவிடும், நிரம்பவோ மாதங்கள் பிடிக்கும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்னைவிட மெலிந்திருக்கும். அதனால் ஓய்வே இல்லாத குதிரைக்கும் ஆபத்து, நீண்ட ஓய்விலிருந்து அவசரமாகத் திரும்பும் குதிரைக்கும் ஆபத்து. ஓய்வு முடிந்து பயிற்சிக்கு வந்த குதிரைகளுக்கு முன்னங்காலின் மேலெலும்பு முறிவது மருத்துவர்கள் நன்கறிந்த விபத்து.

இதை வைத்துப் பார்க்கும்போது மழையும் டெர்பியும் ஒரே வேலையைச் செய்தன என்று எனக்குப் படுகிறது. இது அறிக்கைகள் சொன்னதல்ல, என் ஊகம். மழை நாட்களில் பயிற்சி தடைபடும். வெயில் வந்ததும் விட்டதைப் பிடிக்க எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். டெர்பியோ மூன்று வயதுக் குதிரைக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறை, மே மாத முதல் சனிக்கிழமையன்று. மழை நாட்காட்டியைக் கலைத்தது, டெர்பி நாட்காட்டியை இறுக்கியது. எலும்புக்கு இரண்டுமே அவகாசம் தரவில்லை.

நாட்காட்டிக்குப் பின்னால் பணமும் இருந்தது. பந்தயங்களை நிரப்பக் குதிரைகளைப் பதியச் சொல்லி நிர்வாகம் நெருக்கியதைச் சாண்டா அனிட்டாவின் பயிற்சியாளர்கள் சிலர் விசாரணையில் சொன்னார்கள். சர்ச்சில் டவுன்ஸில் கண்ணுக்குத் தெரியும் நெருக்கடி இல்லாவிட்டாலும், பின்தங்கி முடிக்கும் குதிரைக்கும் அப்போது ஊக்கத்தொகை இருந்தது என்பதே ஓர் அழைப்பாகியிருக்கும். இரண்டு நிர்வாகங்களும் ஆளுக்கொரு பயிற்சியாளரைத் தடை செய்தன என்பது இன்னொரு ஒற்றுமை. ஒருவர் நீதிமன்றம் போனார். மற்றவர் மீதான தடை அதே கோடையில் நீங்கியது. கூட்டத்துக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது போலும்.

தீர்வுகளில்தான் பாதைகள் நன்றாகப் பிரிகின்றன. சாண்டா அனிட்டா எலும்புக்குள் பார்க்க முயன்றது. குதிரையைக் கிடத்தி மயக்காமல், நின்ற நிலையிலேயே கணுமூட்டைப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேன் கருவி 2019 முடிவதற்குள் அங்கே வந்துவிட்டது. முறிவுக்கு முந்தைய புள்ளியை உயிருள்ள குதிரையிலேயே காண்பது அதன் நோக்கம். சர்ச்சில் டவுன்ஸ் பதிவுப் புத்தகத்தைத் திருத்தியது: எட்டு வாரத்துக்குள் ஒரு குதிரை நான்கு முறைக்கு மேல் ஓடக் கூடாது, ஊக்கத்தொகை முதல் ஐந்து இடங்களுக்கு மட்டும், தொடர்ந்து மோசமாகத் தோற்கும் குதிரைக்கு அனுமதி இல்லை. ஜூனில் பந்தயங்களை எல்லிஸ் பார்க் என்ற வேறொரு திடலுக்கு மாற்றிவிட்டு, செப்டம்பரில் திரும்ப வந்தது.

அமெரிக்கப் பந்தயங்களில் ஆயிரம் ஓட்டத்துக்கு 2009-ல் 2.00 ஆக இருந்த இறப்பு வீதம் 2023-ல் 1.32. அது பந்தயத்தில் நேரும் காயங்களை மட்டுமே எண்ணும் கணக்கு. சாண்டா அனிட்டாவின் முப்பதில் ஒரு பகுதியும், டெர்பிக்குத் தேர்வாகி ஓடுமுன்னே போன குதிரையும் விடியற்காலைப் பயிற்சியில் விழுந்தவை. அவை அந்தக் கணக்கில் இல்லை.