இங்கே வேண்டாம் என்றால், எங்கே?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கேன்டர்பரி என்று ஒரு சின்ன ஊர். 1831-இல் அந்த ஊர்ப் பெரியவர்களே விரும்பி அழைத்துத்தான் புரூடன்ஸ் கிராண்டல் அங்கே பெண்கள் பள்ளி தொடங்கினார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பெண், வயது 28. ஊர் நடுவே, பொதுத்திடலைப் பார்த்தபடி நின்ற பெரிய வீட்டைக் கடன்பட்டு வாங்கினார். வசதியான வீட்டுப் பெண்கள் வந்து படித்தார்கள். பள்ளி ஊருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறு ஆண்டு சாரா ஹாரிஸ் வந்து நின்றார். அதே ஊரில் நிலம் வைத்து உழுத ஒரு கறுப்பின விவசாயியின் மகள். தானும் படித்து ஆசிரியையாகி, தன் மக்களின் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றார். கிராண்டல் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணை அனுப்பாவிட்டால் எங்கள் பெண்களை நிறுத்திவிடுவோம் என்று பெற்றோர் எச்சரித்தார்கள். கிராண்டல் அசரவில்லை. இருந்த பள்ளியை மூடிவிட்டு, 1833 ஏப்ரல் முதல் தேதி கறுப்பினப் பெண்களுக்கென்றே அதைத் திறந்தார்.

திறப்பதற்கு முன்பே, மார்ச் 9-ஆம் தேதி, ஊர்க்கூட்டம் கூடியது. சொத்து மதிப்பு விழும், வெளியூர்க் கறுப்பினத்தவர் வந்து குவிவார்கள், ஊரின் பேர் கெடும் என்றார்கள். முன்னின்று பேசியவர் வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஜட்சன். பள்ளிக்குப் பக்கத்திலேயே அவர் வீடு.

கிராண்டல் தரப்பில் சாமுவேல் மே என்ற பாதிரியாரும் ஆர்னல்ட் பஃபம் என்பவரும் போயிருந்தார்கள். அவர்கள் கையில் ஒரு சமாதான யோசனை இருந்தது: வீட்டை ஊரார் வாங்கிக்கொண்டால் போதும், பள்ளியை ஒதுக்குப்புறமான இடத்துக்கு மாற்றிக்கொள்ள கிராண்டல் தயார். கூட்டத்தில் அவர்களை வாய் திறக்கவே விடவில்லை. பிறகு மேயைச் சந்தித்த ஜட்சன் பூசி மெழுகவில்லை. கேன்டர்பரியில் மட்டுமல்ல, இந்த மாநிலத்தில் எங்குமே இப்படியொரு பள்ளி வரக் கூடாது என்றார்.

இந்த வரலாற்றில் என்னை நிறுத்திவைக்கும் இடம் இதுதான். படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளுக்காக எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு மாலைப்பள்ளிக்கு இடம் கேட்டு அலைந்தவள் நான். "நல்ல காரியம்தான் டீச்சர், ஆனா இந்தத் தெரு வேணாமே" என்று காபி கொடுத்து அனுப்பியவர்கள் உண்டு. வேறு எந்தத் தெரு என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். சத்தம், நெரிசல், பிள்ளைகளின் பாதுகாப்பு என்று அக்கம்பக்கத்தார் கவலைப்படுவதில் நியாயம் இருக்கலாம். அப்படிப்பட்ட கவலைக்கு மாற்று இடமோ மாற்று நேரமோ சொன்னால் தீர்ந்துபோகும். கேன்டர்பரியில் மாற்று இடம் சொன்ன பிறகும் தீரவில்லை.

அடுத்து நடந்தவை கொடுமை. கடைக்காரர்கள் பள்ளிக்குச் சாமான் விற்க மறுத்தார்கள். மருத்துவர் வர மறுத்தார். எதிரே இருந்த தேவாலயம் மாணவிகளை உள்ளே விடவில்லை. கிணற்றில் சாணத்தைக் கொட்டினார்கள். கிராண்டலின் தந்தைதான் தன் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வெளியூரிலிருந்து வந்த ஆன் எலைசா ஹாமண்ட் என்ற 17 வயது மாணவியை, பழைய நாடோடிச் சட்டமொன்றைக் காட்டிக் கசையடி வரும் என்று மிரட்டினார்கள். அந்தப் பெண் ஊரை விட்டுப் போகவில்லை.

மே 24-இல் மாநில சட்டமன்றம் தனிச் சட்டமே போட்டது: ஊர் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெளி மாநிலக் கறுப்பினத்தவருக்குக் கற்பிப்பது குற்றம். கேன்டர்பரியில் மணி அடித்து, பீரங்கி வெடித்துக் கொண்டாடினார்கள். கிராண்டல் கைதாகி ஓர் இரவு சிறையில் இருந்தார். முதல் விசாரணையில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. இரண்டாவதில், கறுப்பினத்தவர் குடிமக்களே அல்லர் என்று நீதிபதி டேவிட் டாகட் ஜூரிகளுக்குச் சொல்ல, குற்றவாளி என்று தீர்ப்பானது. 1834 ஜூலையில் மேல்முறையீட்டில் சட்ட நுணுக்கம் ஒன்றைக் காரணம் காட்டி அந்தத் தீர்ப்பைத் தள்ளினார்கள். ஆனால் டாகட்டின் வாதத்தை 1857-இல் டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே எடுத்தாண்டது. ஒரு தெருவில் பள்ளி வேண்டாம் என்று தொடங்கிய சச்சரவு, ஓர் இனத்துக்கே குடியுரிமை இல்லை என்பதுவரை போய் நின்றது.

நீதிமன்றத்தில் முடியாததை அடியாட்கள் முடித்தார்கள். 1834 செப்டம்பர் 9 இரவு, தடிகளும் இரும்புக் கம்பிகளுமாக வந்து ஜன்னல்களை உடைத்து நொறுக்கினார்கள். உள்ளே பெண்பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் உயிருக்கு அஞ்சித்தான் கிராண்டல் பள்ளியை மூடினார்.

அந்தச் சட்டம் 1838-இல் நீக்கப்பட்டது. 1886-இல், கிராண்டல் 80 வயதைக் கடந்த பிறகு, அதே மாநிலம் ஆண்டுக்கு 400 டாலர் ஓய்வூதியம் கொடுத்தது. இன்று அந்த வீடு அருங்காட்சியகம். அவர் கனெக்டிகட்டின் மாநில வீராங்கனை. ஆனால் விரட்டப்பட்ட மாணவிகள் அந்த வகுப்பறையில் இழந்த ஆண்டுகளை எந்தப் பட்டமும் திருப்பித் தராது.

ஆகவே, பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வருகிறது என்றதும் "இங்கே வேண்டாம்" என்று யாராவது எழுந்தால், அவர்களிடம் மரியாதையாக "எங்கே?" என்று கேட்போம். இடத்தைச் சொல்பவரோடு உட்கார்ந்து பேசலாம். சொல்ல மறுப்பவருக்காகப் பள்ளியை ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது.