ரிங்கண்: பண்டரிபுரம் போகும் வழியில் ஒரு குதிரையோட்டம்

புணே நகரின் வடகிழக்கே உள்ள லோஹேகாவ், வெளியூர்க்காரர்களுக்கு விமான நிலையம் இருக்கும் இடம். பம்பாயைக் காப்பதற்காகப் பிரிட்டிஷார் 1939-ல் அங்கே விமானத் தளம் அமைத்தனர். மராத்தியர்களுக்கோ அது பதினேழாம் நூற்றாண்டின் பக்திக் கவி துக்காராமின் தாய்வழி ஊர்; தன் ஊரான தேஹுவிலிருந்து அவர் அடிக்கடி அங்கே வந்து கீர்த்தனை செய்தார் என்பது மரபு. விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டலாம் என்று மாநில அமைச்சரவை 2024-ல் முடிவெடுத்ததற்கும் இந்த உறவே காரணம்.

அவர் பெயரால் ஆண்டுதோறும் நடக்கும் பெருநிகழ்ச்சி வாரி எனப்படும் பாத யாத்திரை. ஆஷாட ஏகாதசிக்குக் கோயில் நகரமான பண்டரிபுரம் சேர வேண்டும் என்பதற்காக தேஹுவிலிருந்து துக்காராமின் பல்லக்கும் ஆளந்தியிலிருந்து அவருக்கு முந்தைய பக்திக் கவி ஞானேஷ்வரரின் பல்லக்கும் அடுத்தடுத்த நாட்களில் புறப்படுகின்றன. ஆளந்திப் பல்லக்கு லோஹேகாவை அடுத்த திகி, விஷ்ராந்த்வாடி வழியாகப் புணேக்குள் நுழைகிறது. இரண்டும் அங்கே தங்கிவிட்டு வெவ்வேறு பாதையில் பிரிகின்றன. ஏறத்தாழ 250 கிலோமீட்டர், மூன்று வார நடை.

பண்டரிபுரத்துக்கு நடந்து போகும் வழக்கம் ஞானேஷ்வரர் காலத்திலேயே இருந்தது. அதில் பல்லக்கைச் சேர்த்தவர் துக்காராமின் இளைய மகன் நாராயண மகராஜ். 1685-ல் தந்தையின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து ஆளந்திக்குக் கொண்டுபோய், ஞானேஷ்வரரின் பாதுகைகளையும் சேர்த்துக்கொண்டு அவர் நடந்தார். பிற்காலத்தில் வாரிசுகளிடையே உரிமைச் சச்சரவு எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹைபத்ராவ் பாபா ஆர்ஃபள்கர் ஆளந்தியிலிருந்து தனி ஊர்வலம் தொடங்கினார்.

ஹைபத்பாபா குவாலியர் சிந்தியாக்களிடம் சேவகம் பார்த்தவர். படையின் பழக்கம் யாத்திரையில் இன்றும் தெரிகிறது. திண்டி எனப்படும் பஜனைக் குழுக்களுக்கு எண் உண்டு. பல்லக்கு வைத்த ரதத்துக்கு முன்னும் பின்னும் அவரவர் இடம் மாறாது. காலையில் ஊதுகொம்பு மூன்று முறை ஒலிக்கும்: எழ, வரிசையில் நிற்க, நடக்க. மாலையில் சோப்தார் எனப்படும் கோல்காரர் செங்கோல் உயர்த்தியதும் அத்தனை தாளமும் ஓய வேண்டும். குறை உள்ள திண்டி மட்டும் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும். சோப்தார் அங்கே போய் வழக்கைக் கேட்டுத் தீர்த்த பிறகே ஆரத்தி. மனு எழுதாமல் குறை சொல்ல இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

வேடிக்கை பார்க்க வருபவர்கள் கூடுவது ரிங்கணுக்கு. திறந்த மைதானத்தில் வார்க்கரிகள் எனப்படும் யாத்திரிகர்கள் வட்டமாக நிற்க, நடுவே விட்ட பாதையில் இரண்டு குதிரைகள் ஓடுகின்றன. ஒன்றின் மேல் காவிக்கொடி ஏந்திய வீரன். மற்றதன் முதுகு வெறுமை. அதில் ஞானேஷ்வரரே ஏறி வருகிறார் என்பது நம்பிக்கை. ஆளந்திக் குதிரைகளை அனுப்புவது பெளகாவி மாவட்டத்து அங்கலியின் ஷித்தோளே குடும்பம். ஓட்டம் சில நிமிடங்களே. பிறகு குளம்படி மண்ணை நெற்றியில் இட ஒரே நெரிசல். அதன்பின் பெண்கள் கைகோத்துச் சுழலும் ஃபுக்டி, ஆண்களின் தாவல்கள் என்று விளையாட்டுகள் தொடரும். நாள் முழுதும் நடந்தவர்கள் களைப்பாறுவதற்கு இப்படி ஆடுவது விந்தைதான். பாராமதி அருகே காட்டேவாடியில் துக்காராம் பல்லக்கைச் சுற்றிக் குதிரைகளுக்குப் பதில் செம்மறியாடுகள் ஓடுகின்றன. இடையர்களின் மந்தைக்கு நோய் வராது என்ற நம்பிக்கை அதன் பின்னே உண்டு. அதே ஊரில் சலவைத் தொழிலாளர் பல்லக்கு வரும் வழியில் வேட்டிகளை விரிக்கிறார்கள்.

இப்படி ஒவ்வொரு சமூகமும் தன் தொழிலாலேயே பங்கு கொள்கிறது. ஆனால் சாதி முற்றிலும் கரைந்துவிடவில்லை. உடன் நடந்த மானிடவியலாளர் இராவதி கர்வே, பிராமணரும் மராட்டா சாதியினரும் தனித்தனியே உண்டதைத் தன் கட்டுரையில் வருத்தத்தோடு பதிந்திருக்கிறார்.

தமிழகத்துக்கும் துக்காராம் அந்நியரல்ல. தஞ்சை மராத்தியர் காலத்தோடு வேரூன்றிய பஜனை மரபில் அபங்கங்கள் எனும் மராத்தி பக்திப் பாடல்கள் பாடப்படுகின்றன. 1938-ல் முசிரி சுப்பிரமணிய ஐயர் திரையில் துக்காராமாக நடித்தார்.

2020-ல் பெருந்தொற்றால் வாரி நடை நின்றது; ரிங்கணும் இல்லை. பாதுகைகள் அரசுப் பேருந்தில் பண்டரிபுரம் போயின. 2022-ல் பல்லக்குகள் பழையபடி சாலைக்குத் திரும்பின.