சங்கிலியும் மதலையும்: மலைவழிப் பற்றுக்கோட்டின் வரலாறு

செங்குத்தான பாறையில் இரும்பு முளைகளை அறைந்து, அவற்றின் வழியே எஃகு வடத்தை இழுத்துக் கட்டி, மலையேற்றப் பயிற்சி இல்லாதவரும் குடும்பத்துடன் வருபவரும் உச்சியை எட்டுமாறு அமைக்கப்படும் பாதையை இத்தாலியர் 'வியா ஃபெராட்டா' என்பர். 'இரும்பு வழி' என்பது அதன் நேர்ப்பொருள். இதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1843ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். அவ்வாண்டில் ஃபிரீட்ரிக் சிமோனி என்னும் ஆஸ்திரிய ஆய்வாளர், டாக்ஸ்டைன் உச்சிக்குச் செல்லும் பாறையில் இரும்பு முளைகளையும் வடத்தையும் பொருத்தச் செய்தார். பின்னர் முதல் உலகப்போரில், டோலமைட் மலைகளில் எதிரெதிரே நின்ற இத்தாலியப் படையும் ஆஸ்திரிய-அங்கேரியப் படையும் வீரர்களையும் தளவாடங்களையும் மேலேற்றுவதற்காக ஏணிகளையும் வடங்களையும் அமைத்தன. போர் முடிந்தபின் அவற்றுட் பல செப்பனிடப்பட்டு மலையேறுவோர்க்குப் பயன்பட்டன. இன்று ஆல்ப்ஸ் மலைநாடுகளில் இத்தகைய வழிகள் கோடை விடுமுறையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டன.

இவ்வரலாறு ஐரோப்பாவைப் பொறுத்தவரை பிழையற்றது. ஆயின் பொதுமக்கள் இரும்பைப் பற்றி மலையேறியதன் தொடக்கமாக அதனைக் கொள்வது பொருந்தாது. சிமோனிக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, தமிழ் மன்னர் ஒருவரின் ஏற்பாட்டில் நிகழ்ந்த ஒரு மலைப் பயணத்தில், இரும்புச் சங்கிலிகள் ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்லப்பட்டுள்ளன. அம்மலை இலங்கையின் சிவனொளிபாதமலை.

2,243 மீட்டர் உயரமுள்ள இம்மலையின் உச்சியில் உள்ள பாதச்சுவட்டைப் பௌத்தர் புத்தருடையது என்பர். சைவர் சிவனுடையது என்பர். இசுலாமியர் ஆதமுடையது என்பர். மணிமேகலை இம்மலையைச் 'சமனொளி' என்று குறிக்கிறது. சமனொளிக்கும் சிவனொளிக்கும் இடையிலுள்ள ஒலியொற்றுமை, ஒரே உச்சியைப் பல சமயத்தார் தத்தம் மொழியில் உரிமையாக்கிக்கொண்ட வரலாற்றுக்கு நல்ல சான்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கை வழியே சென்ற மார்க்கோ போலோ, இம்மலை மிகச் செங்குத்தானது என்றும், பெரிய இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிராவிட்டால் எவரும் ஏற இயலாது என்றும் எழுதினார்.

விரிவான சான்றை விட்டுச் சென்றவர் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. 1344இல் அவர் புத்தளம் பகுதியில் கரையிறங்கியபோது ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். வேண்டுவது யாது என்று மன்னர் வினவ, ஆதமின் பாதத்தைக் காண்பதே தம் விருப்பம் என்றார் பதூதா. மன்னர் அவருக்குப் பல்லக்கும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய நான்கு யோகியரும், மூன்று பிராமணரும், வேறு பத்துத் துணைவரும், உணவுப்பொருள் சுமக்கப் பதினைந்து ஆட்களும் கொடுத்தனுப்பினார். இன்றைய சொல்லாட்சியில் கூறின், வழியறியாத ஒரு தொடக்கநிலையாளர் அனுபவமுள்ள வழிகாட்டிகளுடன் அனுப்பப்பட்டார்.

உச்சிக்கு இரு வழிகள் உண்டு என்கிறார் பதூதா. ஒன்று 'பாபா' வழி. மற்றொன்று 'மாமா' வழி. முன்னது ஆதமின் பெயரால் அமைந்தது, கடினமானது. பின்னது ஏவாளின் பெயரால் அமைந்தது, எளிது. யாத்திரிகர் திரும்புவது எளிய வழியில். அவ்வழியே ஏறிச் சென்றவர் யாத்திரை செய்தவராகவே கருதப்படார். கடின வழியில் முன்னோர் பாறையில் படிகள் வெட்டி, இரும்பு முளைகளை அறைந்து, அவற்றில் பற்றியேறச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தனர். சங்கிலிகள் மொத்தம் பத்து: மலையடி வாயிலருகே இரண்டு, அவற்றையடுத்துத் தொடர்ச்சியாக ஏழு, இறுதியில் ஒன்று. பத்தாவதற்குக் 'கலிமாச் சங்கிலி' எனப் பெயர். அவ்விடத்தை அடைந்து கீழே நோக்குபவர்க்குத் தலைசுற்றும். விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் அவர் கலிமாவை ஓதுவார். பெயர்க்காரணம் அதுவே.

இக்குறிப்பில் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, ஏறும் வழியும் இறங்கும் வழியும் பிரிந்திருந்தமை. ஒரே சங்கிலியில் ஏறுவோரும் இறங்குவோரும் எதிர்ப்படும் நெருக்கடியை இவ்வழக்கம் தவிர்த்தது. சமயக் கட்டுப்பாடாகச் சொல்லப்பட்ட ஒன்று போக்குவரத்து ஒழுங்காகவும் செயற்பட்டது. இன்றைய ஆல்ப்ஸ் வடப்பாதைகளிலும் வடத்தின் வழியே ஏறி வேறொரு நடைபாதையில் இறங்குவதே பெருவழக்கு. இரண்டாவது, பத்தாவது சங்கிலியின் பெயர். பிற சங்கிலிகள் எண்ணாலும் இடத்தாலும் குறிக்கப்பட, இதுமட்டும் ஏறுபவரின் உள்ளத்தில் நிகழ்வதால் பெயர் பெற்றது.

இதே பெயரீட்டு முறை தமிழகத்திலும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலையின் உச்சியில் மல்லிகார்ச்சுனர் கோயில் உள்ளது. பௌர்ணமி இரவுகளில் பெருந்திரளான மக்கள், குழந்தைகளுடன் வருவோர் உட்பட, இம்மலையேறுகின்றனர். மேற்பகுதியின் செங்குத்துப் பாறையில் இரும்புத் தண்டுகளும் சங்கிலிகளும் உள்ளன. அங்குள்ள கட்டங்களைக் கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படி என்று மக்கள் வழங்குவர். முதல் மூன்றும் கைக்கும் காலுக்கும் அகப்படும் பொருள்களின் பெயர்கள். நான்காவது, காலடியில் வெளி மட்டுமே தெரியும் நிலையின் பெயர். கலிமாச் சங்கிலியும் ஆகாயப் படியும் வெவ்வேறு சமயத்தார், வெவ்வேறு காலத்தார் இட்டவை. ஆயினும் இரண்டும் ஒரே உண்மையைப் பதிவு செய்கின்றன: இரும்பு எவ்வளவு உறுதியாயிருப்பினும், ஏறுபவரின் அச்சம் தனியே நிற்கிறது.

பருவதமலையைச் சங்க இலக்கியத்தின் நவிரமலையாக அறிஞர் பலர் கொள்வர். நவிரத்தையும் அதன்கண் உறையும் காரியுண்டிக் கடவுளையும் கூறுவது மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய, 583 அடிகள் கொண்ட இந்நூல் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெறும். பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்படும் கூத்தர் குடும்பத்துக்கு மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும் பகுதியே இதன் உயிர்நாடி. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல் என நீளும் அப்பட்டியலில் வழுக்குப்பாதையும் இடம்பெறுகிறது.

அவ்விடத்துக் கூத்தன் தரும் அறிவுரை நுட்பமானது. நீர் சுழலும் ஆழ்ந்த கயத்தின் அருகே வழுக்கும் இடங்கள் உண்டு. ஆதலின் பருத்த கொடிகள் சுற்றிய 'மதலை'யைப் பற்றிக்கொள்க. ஆட்டின் மயிர் போன்ற புன்தலையுடைய சிறு மகாரோடு, ஒருவரை ஒருவர் காத்துக் கடந்து செல்க என்கிறான். அடுத்து, பாசி படர்ந்து கால் தளரும் இடங்களில், வழியெங்கும் பின்னிக் கிடக்கும் வேரலையும் எருவைக் கோலையும் பிடித்துக்கொண்டு செல்லுமாறு சொல்கிறான். இரும்பில்லை; சங்கிலியில்லை. ஆயினும் பற்றுக்கோடு எது, எங்கே பற்றவேண்டும், குழந்தை உடன்வரின் என் செய்வது என்னும் மூன்றும் இங்கே தெளிவாக உள்ளன. தமிழில் குடும்பத்துடன் மலைகடப்போர்க்கு எழுந்த பாதுகாப்பு அறிவுரைகளுள் தொன்மையானவற்றில் இது ஒன்று.

'மதலை' என்னும் சொல் தனியே நோக்கத்தக்கது. தாங்குவது, பற்றுக்கோடு என்ற பொருளில் திருக்குறளும் இதனை ஆள்கிறது. பிற்கால வழக்கில் குழந்தை என்ற பொருளே மிகுதி. மலைபடுகடாத்தின் இவ்விடத்தில் குழந்தைகளுக்கு 'மகார்' என்ற சொல் தனியே வருதலின், மதலை பற்றுக்கோட்டையே குறிக்கிறது, ஐயத்துக்கு இடமில்லை. தாங்குவதும் தாங்கப்படுவதும் ஒரே சொல்லுள் அமைந்தது மொழி வரலாற்றில் ஆராயத்தக்கது.

இவ்வரலாறு பழமையோடு முடிந்துவிடவில்லை. திருவனந்தபுரம் கோட்டையை அடுத்துள்ள ஸ்ரீவராகம் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொதிகை ஏட்டில் மட்டும் உள்ள மலையன்று. தம் மாவட்டத்து மலை. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியகூடத்தில் 1855இலேயே, திருவனந்தபுரம் வானாய்வகத்தின் தலைவர் ஜான் ஆலன் பிரௌன் ஒரு காந்தவியல் ஆய்வகத்தை நிறுவினார். இன்று ஆண்டின் தொடக்க மாதங்களில் கேரள வனத்துறையின் அனுமதிச் சீட்டுடன் போணக்காட்டிலிருந்து புறப்படுவோர், அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் பொங்காலைப்பாறை கடந்து உச்சிக்குச் செல்கின்றனர். கேரள உயர் நீதிமன்றம் 2018இல் அளித்த ஆணையை அடுத்து, 2019 சனவரி முதல் பெண்களும் உச்சி வரை செல்கின்றனர். இறுதிப் பாறைகளில் கட்டப்பட்ட கயிற்றைக் கையாற் பற்றியே ஏறவேண்டும். ஏறுபவருள் பெரும்பாலோர் பாறையேற்றப் பயிற்சி பெறாதவர்.

சிவனொளிபாதம், பருவதமலை, அகத்தியகூடம் ஆகிய மூன்றிலும் பொதுவானது ஒன்று. சங்கிலியாயினும் கயிறாயினும் அது கைக்கு உரியது. கை தளர்ந்தால் பற்றும் தளரும். ஆல்ப்ஸ் வழிகளின் உண்மையான புதுமை இவ்விடத்தில்தான் உள்ளது. இரும்பைப் பாறையில் பொருத்தும் வழக்கம் உலகில் முன்பே இருந்தது. அவ்விரும்போடு உடலைப் பிணைக்கும் முறையே பிற்காலத்தில் வளர்ந்தது. ஏறுபவர் இடுப்புப் பட்டையிலிருந்து இரு நாடாக்கள் புறப்படும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி. முளையை எட்டியதும் ஒரு கொக்கியைக் கழற்றி அப்பால் மாட்டியபின்னரே அடுத்ததைக் கழற்றவேண்டும். இரண்டும் ஒருசேர வடத்தைவிட்டு நீங்கும் கணம் ஒன்றுகூட இருத்தல் ஆகாது. தொடக்கநிலையாளர் முதலில் கற்கும் விதி இது.

பிணைப்பு மட்டும் போதாது என்பதையும் பட்டறிவு கற்பித்தது. வழுக்கியவர் கீழுள்ள முளை வரை வடத்தின் வழியே சரிந்து விழுவார். ஒரு மீட்டர் நாடாவில் ஐந்து மீட்டர் வீழ்ச்சியும் நிகழலாம். அந்த அதிர்ச்சியை உடலும் கருவியும் தாங்கா. ஆகவே நாடாவின் அடியில் அதிர்ச்சி உறிஞ்சி ஒன்று வைக்கப்படுகிறது. அதன் தையல் படிப்படியாகப் பிரிந்து விசையைத் தணிக்கும். 2012இல் டிரோல் பகுதியில் நாடாக்கள் இரண்டும் அறுந்து ஒருவர் உயிரிழந்தபின், பல கருவிகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. ஐரோப்பியத் தரவரையறையும் 2017இல் திருத்தப்பட்டது. அதன்படி இக்கருவி 40 முதல் 120 கிலோ வரை எடையுள்ளோர்க்கு உரியது.

இவ்வெல்லை குடும்பத்துடன் செல்வோர்க்கு இன்றியமையாதது. 40 கிலோவுக்குக் குறைந்த குழந்தை விழும்போது உறிஞ்சியின் தையல் உரியவாறு பிரியாமற் போகலாம். அதிர்ச்சி முழுவதும் குழந்தையின் உடலையே தாக்கும். ஆதலின் குழந்தைகளைத் தனிக் கயிற்றில் இணைத்து, பயிற்சி பெற்ற ஒருவர் மேலிருந்து அக்கயிற்றைத் தம் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது நெறி. கருவியின் ஆற்றல் முடியும் இடத்தில் மீண்டும் மனிதக் கையே வந்து நிற்கிறது. மகாரோடு ஒருவரையொருவர் காத்துச் செல்லுமாறு கூத்தன் சொன்னதும் இதையே.

ஆகவே இவ்வரலாற்றை 'இங்கே முதலில்' என்ற பெருமிதத்துக்கு மட்டும் பயன்படுத்துவது வீண். நம் மலைகளில் பற்றுக்கோடு நெடுங்காலமாக உண்டு. வழிகாட்டியுடன் செல்லும் மரபும், ஏறும் வழியையும் இறங்கும் வழியையும் பிரித்த ஒழுங்கும் உண்டு. இல்லாதது பிணைப்பு. பருவதமலை போன்ற இடங்களில் திரளும் கூட்டத்துக்கு ஆளுக்கொரு கருவி கொடுத்தல் நடைமுறைக்கு ஒவ்வாது. ஆயினும் செங்குத்தான சில கட்டங்களிலேனும் ஏறுவோரையும் இறங்குவோரையும் பிரித்துவிடுதல், குழந்தைகளைத் தனிக் கயிற்றில் இணைத்து ஏற்றப் பயிற்சி பெற்றோரை நிறுத்துதல், சங்கிலியையும் முளையையும் காலமுறைப்படி சோதித்தல் ஆகியவை இயலாதவை அல்ல. முதல் இரண்டுக்கும் முன்மாதிரி இம்மண்ணின் ஏடுகளிலேயே உள்ளது. மூன்றாவதற்குத் தேவை, துருவை உரிய காலத்தில் காணும் ஒரு கண் மட்டுமே.