அப்பா போட்ட பூட்டும் மகன் செய்த கள்ளச்சாவியும்

காலை நடையில் கூட வரும் நண்பர் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார்: "என் மெயிலை யார் சார் வந்து திறக்கப் போறான்? அதுல புதையலா இருக்கு?"

இரண்டு நாளாக அவருடைய மெயில் திறக்கவில்லை. யாரோ பலமுறை தவறான பாஸ்வேர்ட் போட்டதால் கணக்கைத் தற்காலிகமாக முடக்கியிருப்பதாக அறிவிப்பு வந்திருந்தது. அவருடைய பாஸ்வேர்ட், பேத்தியின் பெயரோடு 123. (அதையும் அவரே என்னிடம் சொன்னார்!)

அவர் கேள்விக்குப் பதில் சொல்ல, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையை பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் உருவாக்கினார்கள். அவரவர் கோப்பு அவரவருக்கு மட்டும் என்பதற்காக ஆளுக்கொரு பாஸ்வேர்ட் வைத்தார்கள். 1962லேயே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அச்செடுத்துக்கொண்டார். பூட்டு வந்த சூட்டோடு திருட்டும் வந்துவிட்டது.

அதனால் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைக்காமல், திரும்பப் படிக்க முடியாதபடி உருமாற்றி வைக்கும் வழக்கம் வந்தது. படிக்க முடியாவிட்டால் என்ன, ஊகிக்கலாமே? ஒவ்வொரு சொல்லாக உருமாற்றிப் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். பெல் ஆய்வகத்தில் இருந்த ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் இதைச் சோதித்து, 1979ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். திரட்டிய 3,289 பாஸ்வேர்டுகளில் 2,831, அதாவது 86 சதவீதம், எளிதில் ஊகிக்கக் கூடியவை. அவற்றில் 15 பாஸ்வேர்டுகள் ஒற்றை எழுத்து!

அவர்கள் சொன்ன மருந்து இரண்டு. ஒன்று, உருமாற்றும் வேலையை வேண்டுமென்றே மெதுவாக்குவது. நமக்கு ஒரு நொடி தாமதம் பெரிதல்ல, லட்சம் தடவை முயல்கிறவனுக்கு அதுவே தண்டனை. இன்னொன்று, ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் கணினி தானாக ஒரு சிட்டிகை வேற்று எழுத்துகளைச் சேர்ப்பது. இதற்குப் பெயரே 'உப்பு'! இருவர் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தாலும் கோப்பில் வேறு வேறாகத் தெரியும்.

இனிதான் வேடிக்கை. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் ஒரு 'புழு' நிரல் பரவி, சுமார் 6,000 கணினிகளைத் திணறடித்தது என்று அப்போது கணக்கிட்டார்கள். அது நுழைந்த வழிகளில் ஒன்று பாஸ்வேர்டை ஊகிப்பது. முதலில் பயனரின் பெயர், பிறகு அதையே இரட்டித்து, பிறகு தலைகீழாக, அடுத்து 432 சொற்கள் கொண்ட பட்டியல், கடைசியில் அகராதி. அதை எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பன் மோரிஸ். ஆம், அதே மோரிஸின் மகன்! அப்பாவோ அப்போது அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. மகனுக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் காவல், 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம்.

1996 ஜூலை 4ல் நம் நாட்டில் பிறந்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். எந்த ஊரிலிருந்தும் மெயில் பார்க்கலாம் என்ற வசதியோடு, எந்த ஊரிலிருந்தும் கதவைத் தட்டலாம் என்ற ஆபத்தும் சேர்ந்தே வந்தது. 2017 ஜூனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மெயில்களையே இப்படித் தட்டினார்கள். சுமார் 9,000 கணக்குகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவை திறந்துகொண்டன. காரணம், பலவீனமான பாஸ்வேர்ட். நிலைமையைச் சமாளிக்க வெளியிலிருந்து மெயில் பார்க்கும் வசதியையே நிறுத்தி வைத்தார்கள்.

அப்படியானால் காவல் எது? ஏடிஎம் பின் நம்பர் நான்கே இலக்கம், மொத்தமே 10,000 வாய்ப்புகள்தான். ஆனாலும் அது தாங்குகிறது. மூன்று முறை தவறினால் கார்டு முடங்கிவிடும் அல்லவா? மெயிலுக்கும் அதே தத்துவம்தான். ஆனால் முழுதாக முடக்கினால், என் நண்பரைப் போல வீட்டுக்காரரே வெளியில் நிற்க நேரிடும். அதனால் ஒவ்வொரு தவறுக்கும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுகிறார்கள். கோணல் எழுத்துகளைக் காட்டி, வந்திருப்பது மனிதர்தானா என்று சோதிக்கிறார்கள். திருடர்களும் சளைத்தவர்களல்ல. ஒரு வீட்டில் நூறு சாவி போடாமல், ஒரே சாவியை ஆயிரம் வீடுகளில் போட்டுப் பார்க்கிறார்கள். இதற்கு நல்ல மாற்று, பாஸ்வேர்டுக்குப் பிறகு கைபேசியிலும் ஒரு எண் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். தட்டுகிறவன் மனிதனல்ல, நிரல். அது ஆள் பார்த்து வருவதில்லை, எல்லா வாசலையும் தட்டும். புதையலும் இல்லாமல் இல்லை. எந்த இணையக் கணக்கில் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று அழுத்தினாலும், பெரும்பாலும் புதிய சாவி வந்து விழுவது மெயிலில்தான். அதாவது, மெயில்தான் நம் சாவிக்கொத்து.

கென் தாம்சனே பழைய நாளில் வைத்திருந்த பாஸ்வேர்டை 2019ல் ஒருவர் உடைத்தார். அது ஒரு செஸ் நகர்வு, ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது. நாற்பது ஆண்டு வளர்ந்த கணினிக்கே நான்கு நாளுக்கு மேல் பிடித்ததாம். பேத்தி பெயரும் 123ம் எத்தனை நிமிடம் தாங்கும்?

நண்பர் நான்கைந்து சம்பந்தமில்லாத சொற்களைக் கோத்து நீளமான பாஸ்வேர்ட் வைத்துவிட்டார். இரண்டடுக்குப் பாதுகாப்பும் போட்டாயிற்று. புதிய பாஸ்வேர்ட் என்னவென்று இந்த முறை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.